ஆரணிக்கு மேலே 2000 அடியில்

வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் இருந்து ஒரு செஸ்னா 172 கிளம்புகிறது. (பயப்பட வேண்டாம், எல்லாம் கணினித் திரையில்தான்!) மேலே ஏறியதும் மூக்கைத் தென்கிழக்கே திருப்பிப் பிடித்தால், கண்ணமங்கலம் பக்கத்து மலைகளைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆரணி வந்துவிடும். நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர்தான்.

ஃப்ளைட்கியர் போன்ற இலவச சிமுலேட்டரில் இப்படிப் பறந்து பார்ப்பவர்களுக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் ஏமாற்றம். மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். மேற்கே தூரத்தில் ஜவ்வாது மலை தெரியும். வேலூரில் இருந்து வரும் சாலை வளைய வேண்டிய இடத்தில் வளையும். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் குழப்பம். வீடுகளின் கூரைகள் எல்லாம் செங்குத்தாகச் சரிந்து, பனி வழுக்கி விழுவதற்குத் தோதாக இருக்கும். ஆரணியில் பனி! ஏதோ ஜெர்மனி கிராமத்தைப் பிய்த்து எடுத்து வந்து கமண்டல நாகநதிக் கரையில் நட்டது மாதிரி. அந்த நதியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மே மாதத்திலும் கரை முட்ட நீலத் தண்ணீர் ஓடும். ஆரணிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களா, அழுவார்களா தெரியாது.

எந்த சிமுலேட்டர், எந்த சீனரித் தொகுப்பு என்பதைப் பொறுத்து இந்தக் காட்சி கொஞ்சம் மாறும். ஆனால் மலை சரியாகவும் ஊர் தப்பாகவும் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலையை அளந்தது இயந்திரம். ஊரை எழுத வேண்டியது மனிதர்கள்.

மலையின் கதை சுலபம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி, வடக்கே 60 பாகையில் இருந்து தெற்கே 56 பாகை வரை உள்ள நிலத்தின் உயரத்தை ராடாரால் அளந்தது. அந்த அளவுகளை இலவசமாகவே கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி, 2014-ல் இருந்து 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மேடு பள்ளத்துக்கு இது போதும்.

நிலத்தின் மேல் இருப்பவைதான் தலைவலி. ஃப்ளைட்கியர் 1997-ல் வெளிவந்தது. அதன் ஆரம்ப காலச் சீனரியில் சாலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் ஆதாரம், அமெரிக்க ராணுவத்தின் விமான வழிகாட்டி வரைபடங்களில் இருந்து எடுத்த விமேப்-0 என்ற தொகுப்பு. அதன் அளவு பத்து லட்சத்துக்கு ஒன்று. அதாவது ஒரு சென்டிமீட்டர் 10 கிலோமீட்டர். அந்தக் காகிதத்தில் ஆரணி முழுவதும் மூன்று நான்கு மில்லிமீட்டர் பொட்டு. பட்டுப் புடவையில் ஒரு ஜரிகைப் புட்டா கூட அதைவிடப் பெரிசாக இருக்கும். அந்தப் பொட்டுக்குள் தெரு எங்கே, கோட்டை எங்கே என்று தேடுவதில் அர்த்தமே இல்லை.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். விக்கிப்பீடியா மாதிரி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். ஆரம்பத்தில் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தும் சைக்கிளிலும் போய்த் தெருக்களைப் பதிந்தார்கள். 2006-ல் யாகூவின் செயற்கைக்கோள் படங்களையும், 2010-ல் பிங் படங்களையும் பார்த்து வரைய அனுமதி கிடைத்ததும் வேகம் கூடியது. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். தொடர்ந்து வரைபவர்கள் அதில் சிறு பங்குதான். (பட்டியலில் பேர் இருப்பவர் எல்லாம் வேலை செய்ய மாட்டார் என்பது கல்லூரி விழாக் குழுவில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

சிமுலேட்டர்க்காரர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது படம் இல்லை. அது ஒரு பேரேடு. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் எதிரே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். இந்தக் கோடு சாலை, இது எந்த வகைச் சாலை. இந்த மூடிய கோடு ஒரு கட்டடம், இத்தனை தளம், கூரை தட்டையா சரிவா, மேலே ஓடா கான்கிரீட்டா. படத்தைப் பார்த்தால் கண்ணுக்கு மட்டும்தான் புரியும். பேரேட்டைப் படித்து, ஒரு நிரல் வீடே கட்டிவிடும்.

ஃப்ளைட்கியருக்காக எழுதப்பட்ட ஓஎஸ்எம்2சிட்டி என்ற கருவித் தொகுப்பு செய்வது இதைத்தான். ஒரு பகுதியின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலைக் கொடுத்தால் அது கட்டடம் எழுப்பும், சாலையும் ரயில் பாதையும் போடும், மின் கோபுரங்களை நட்டுக் கம்பி இழுக்கும். விலைக்கு விற்கும் எக்ஸ்-பிளேனும் 2011-ல் வந்த 10-ஆம் பதிப்பில் இருந்து உலகம் முழுவதற்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளைத்தான் எடுத்துக்கொண்டது.

பேரேட்டில் எழுதாமல் விட்ட இடத்தில் இந்த நிரல்கள் என்ன செய்யும்? ஊகிக்கும். தளம் எத்தனை என்று எழுதவில்லையா? பகடை உருட்டி ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். கட்டடமே வரையவில்லை, ஆனால் குடியிருப்புப் பகுதி என்று மட்டும் எழுதியிருக்கிறதா? சாலையோரமாக, அங்கே இருக்கலாம் என்று தோன்றும் வீடுகளைத் தானே அடுக்கிவிடும். கூரை என்னவென்று தெரியாவிட்டால் தன் கையில் இருக்கும் வீட்டு மாதிரிகளில் ஒன்றை எடுத்து வைக்கும். அந்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் ஐரோப்பியர்கள். ஆரணியில் ஜெர்மனி முளைத்த ரகசியம் இதுதான். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. காலியாக விட்ட கட்டத்தை யாரோ ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் நிரப்பிவிட்டார், அவ்வளவுதான்.

எழுதியிருந்தாலோ, நிரல் அப்படியே நம்பிவிடும். இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் புதிய ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. பிங் படங்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலையும் வைத்து, செயற்கை நுண்ணறிவால் சுமார் 150 கோடி கட்டடங்களை எழுப்பியிருந்தார்கள். வந்த சில நாளில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் புறநகரான ஃபாக்னரில், சாதாரண வீடுகளுக்கு நடுவே, வானத்தைக் குத்திக்கொண்டு ஊசி மாதிரி ஒரு கோபுரம் நிற்பதை விமானிகள் கண்டுபிடித்தார்கள். 212 தளம்! துபாய் புர்ஜ் கலீஃபாவுக்கே 163 தளம்தான். விசாரித்துப் பார்த்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்த ஒரு மாணவர் தளங்களின் எண்ணிக்கையில் 2 என்பதற்குப் பதில் 212 என்று தட்டியிருக்கிறார். வேறொரு தன்னார்வலர் அதைத் திருத்தியும் விட்டார். ஆனால் சிமுலேட்டர் அதற்கு முன்பே நகல் எடுத்துவிட்டது. தரையில் இரண்டே தளமுள்ள ஒரு கட்டடம், விமானத்தில் போகிறவர்களுக்குக் கோபுரமாக நின்றது. அதைச் சுற்றிப் பார்க்கவென்றே ஊர் ஊராக வந்து பறந்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் தள எண்ணிக்கையில் நம்மூர்க்காரர்கள் விழக்கூடிய பள்ளம் ஒன்று தனியாக இருக்கிறது. நம்மூர்ப் பேச்சில் ‘ஒரு மாடி வீடு’ என்றால் தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தள எண்ணிக்கையோ தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணுவது. அதனால் ஒரு மாடி வீட்டுக்கு 2 என்று எழுத வேண்டும். மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்கு 1. இது தெரியாமல் ஒருவர் தெரு முழுக்க எழுதிக்கொண்டே போனால், மாடி வீடெல்லாம் ஒரு தளம் குட்டையாகி, ஓட்டு வீடுகளுக்கு 0 விழுந்து ஊரே பூமிக்குள் இறங்கிவிடும். 212 மாதிரி இது கண்ணைக் குத்தாது. அதனால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

சரி, ஆரணிக்கு வருவோம். இந்த ஊரை மேலிருந்து பார்க்கும்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

நெசவாளர் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். இந்த வீட்டுச் சுவரேதான் அடுத்த வீட்டுக்கும் சுவர். செயற்கைக்கோள் படத்தில் இருந்து கட்டடங்களைத் தானே கண்டுபிடிக்கும் நிரல்கள் இப்போது இருக்கின்றன. மைக்ரோசாஃப்டும் கூகுளும் அப்படிக் கண்டுபிடித்த கோடிக்கணக்கான கட்டடங்களை வெளியிட்டிருக்கின்றன. தனித்தனியாக நிற்கும் வீடுகளில் அவை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். இப்படி ஒட்டிய வரிசையில் திணறும். பத்து வீட்டைச் சேர்த்து ஒரே கட்டடம் என்று முடிவு கட்டிவிட்டால், சிமுலேட்டரில் அங்கே ஒரு தொழிற்சாலைக் கொட்டகை எழும்பும். எங்கே ஒரு வீடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைத் தெருவில் நடப்பவர் திண்ணையைப் பார்த்தே சொல்லிவிடுவார். மேலிருந்து பார்த்தால் பல சமயம் தெரியாது.

ஆரணி என்றால் பட்டு மட்டும் இல்லை, அரிசியும்தான். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள், அவற்றின் புகைபோக்கிகள், நெல் காயப்போடும் பெரிய களங்கள். நிஜ விமானத்தில் தாழப் பறந்தால் முதலில் கண்ணில் படுபவை இவைதான். புகைபோக்கிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனிக் குறிச்சொல் இருக்கிறது, உயரமும் எழுதலாம். ஒரே ஒரு புள்ளி வைத்தால் போதும், நிரல் ஒரு புகைபோக்கியை எழுப்பும். ஆரணியை ஆரணியாகக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

ரயில் நிலையத்தைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். காட்பாடி – விழுப்புரம் பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு நிலையம் உண்டு. அது இருப்பது களம்பூரில். பெயரை வைத்து ஊருக்கு நடுவே நிலையம் வரைந்துவிடாமல் இருக்க உள்ளூர் ஞானம் தேவை. கோட்டைப் பகுதியும் கைலாசநாதர் கோயிலும், ஊருக்கு வெளியே எஸ்.வி.நகரத்தில் இடிந்து நிற்கும் ஜாகீர்தார் அரண்மனையும் வேறு வகை. கோபுரத்தையும் சிதைந்த மாளிகையையும் தள எண்ணிக்கை எழுதி எழுப்ப முடியாது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் யாராவது உட்கார்ந்து முப்பரிமாண உருவம் செய்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். அது வாரக்கணக்கான வேலை. அதைச் செய்பவர் வரும்வரை அரண்மனை வெறும் செவ்வகப் பெட்டிதான்.

எதை எழுதினாலும் தெரியாத ஒன்றும் உண்டு. காலையில் தெருவில் நீட்டிக் கட்டும் பாவு. கொஞ்ச நேரத்தில் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வரைபடத்தில் அதற்கு இடம் கிடையாது, நிலையாக இருப்பவற்றுக்கு மட்டும்தான் இடம். குழித்தறி வீட்டுக்குள்ளே. பட்டு நெசவு ஊரின் உயிர்நாடி கூரைக்கு அடியில் ஓடுகிறது, 2000 அடியில் இருந்து பார்க்கிறவருக்கு மளிகைக்கடைக்காரர் வீடும் நெசவாளர் வீடும் ஒன்றுதான்.

இனி அந்த நதிக்கு வருவோம். மே மாதத்தில் நீலத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து எரிச்சலடையும் ஒருவருக்கு ஒரு குறுக்கு வழி தோன்றும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போய் ‘நதி’ என்பதை அழித்துவிட்டு ‘மணல்’ என்று எழுதிவிட்டால் சிமுலேட்டரில் அழகாக மணல் தெரியுமே! வறண்ட ஏரிகளையும் புல்வெளி ஆக்கிவிடலாமே! இதைச் செய்யவே கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. படம் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகத் தகவலை மாற்றாதே, இருப்பதை எழுது என்பார்கள்.

வீண் பிடிவாதம் இல்லை இது. அந்தப் பேரேட்டைப் படிப்பது விமானம் ஓட்டுபவர் மட்டும் இல்லை. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது அருண் கணேஷ் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வெள்ள வரைபடம் செய்தார். தண்ணீர் நின்ற தெருவை மக்களே தொட்டுக் குறித்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. எந்த வழியில் போகலாம், எங்கே போகக்கூடாது என்று பார்க்க உதவியது. அந்தத் தெருக்களை அதற்கு முன்பே யாரோ, வெள்ளத்தை நினைக்காமலே, பொறுமையாக வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ஆரணியைச் சுற்றி அத்தனை ஏரிகள். ஒரு விளையாட்டில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஏரியைப் புல்வெளி ஆக்கிவிட்டால், நாளைக்கு மழை கொட்டும்போது அந்த வரைபடத்தை நம்பிப் பார்ப்பவருக்கு அங்கே ஏரியே இல்லை.

நேர் வழியும் இருக்கிறது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்காத நதிக்கும் ஏரிக்கும் ‘இடைவிட்டு நீர் இருப்பது’ என்று சொல்லும் குறிச்சொல் ஒன்றைச் சேர்க்கலாம். நதி நதியாகவே இருக்கும், வறளும் என்ற உண்மையும் பதிவாகும். அதைப் படித்துக் கோடையில் மணலாகக் காட்டுவது சிமுலேட்டர் நிரல் எழுதுபவர்களின் வேலை. தேம்ஸும் ரைனும் ஓடும் ஊர்க்காரர்களுக்கு நதி வறளும் என்பதே தோன்றாமல் போயிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் பாலாற்றையும் செய்யாற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள்.

இவ்வளவு உழைப்புக்கும் கூலி? சல்லிக்காசு கிடையாது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு உறுத்தல் வரும். எக்ஸ்-பிளேனும் மைக்ரோசாஃப்டும் சிமுலேட்டரை விற்றுக் காசு பார்க்கின்றன. வரைந்தவருக்கு ஒரு நன்றி வரிதான். 2012-ல் இருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு இருக்கும் உரிமம் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவே: எங்கிருந்து எடுத்தாய் என்று சொல், அந்தத் தகவல் தொகுப்பைத் திருத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் பகிர்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு இருக்கிறது. 2008-ல் கூகுள் மேப் மேக்கர் என்று ஒன்றை ஆரம்பித்தது. இந்தியாவில் எத்தனையோ பேர் ஊர் ஊராகத் தெருவும் கடையும் கோயிலும் வரைந்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் கூலி இல்லை. வரைந்ததெல்லாம் கூகுளின் வரைபடத்துக்குள் போனது. 2017 மார்ச்சில் மேப் மேக்கரை மூடிவிட்டார்கள். கூகுள் மேப்ஸில் அந்தத் தெருக்களைப் பார்க்கலாம், ஆனால் எடுத்துக்கொண்டுபோய் ஃப்ளைட்கியரில் ஊர் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் கூலியில்லாத உழைப்புதான். ஒன்றில் உழைத்தவரே தன் சரக்கைத் திருப்பி எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியும், மற்றதில் முடியாது. வித்தியாசம் பெரிசு. நிறுவனமும் அதே சரக்கில் லாபம் பார்க்கிறதே என்றால், பார்க்கட்டும். ஒரு புடவையை ஒருவர்தான் கட்ட முடியும். ஒரு தெருவை எத்தனை பேர் எடுத்தாலும் அது குறையாது.

காசைவிடப் பெரிய பயம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்தது. இந்தியாவில் வரைபடம் என்பது ராணுவம் சம்பந்தப்பட்ட சங்கதி. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று வரைபடத்தையே இரண்டாகப் பிரித்தது. 2013-ல் கூகுள் வரைபடப் போட்டி ஒன்றை நடத்தியபோது இந்திய நில அளவைத் துறை போலீசில் புகார் கொடுத்தது. 2016-ல் வந்த புவிசார் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவில் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை என்றெல்லாம் இருந்தது. அந்த வரைவு சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் பொழுதுபோக்காகத் தெரு வரையும் கல்லூரிப் பையன்கள் கதி என்ன? 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நிலைமையைத் தலைகீழாக மாற்றின. இந்தியர்கள் வரைபடத் தகவல் சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை என்றாகிவிட்டது. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்பதைவிடத் துல்லியமான தகவலுக்குத்தான் வெளிநாட்டு நிறுவனங்கள் மீது கட்டுப்பாடு. சாதாரணக் கைப்பேசி ஜிபிஎஸ் அந்தத் துல்லியத்தின் பக்கத்திலேயே போகாது. என்றாலும், அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளி மாதிரியான கடற்படைத் தளங்களுக்குள் என்ன இருக்கிறது என்று நுணுக்கமாக வரைய ஆசைப்படாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆரணியில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே எண்ண வேண்டியது மாடிகளை.

அதற்குச் செயற்கைக்கோள் உதவாது. மேலிருந்து பார்த்தால் மொட்டை மாடி தெரியும், அதன் கீழே எத்தனை தளம் என்று தெரியாது. தெருவில் நடந்துதான் ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு எதிரே நின்றால் ‘இதற்கு எத்தனை தளம்?’, ‘கூரை எந்த வடிவம்?’ என்று கேட்கும், பதிலைத் தொட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறிவிடும். கட்டடத்தின் வெளிக்கோட்டை முன்பே யாராவது வரைந்திருக்க வேண்டும், அது வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. கொசப்பாளையத்திலோ சைதாப்பேட்டையிலோ (சென்னை இல்லை, ஆரணி சைதாப்பேட்டை) ஒரு தெருவை ஒரு சாயங்காலத்தில் முடிக்கலாம். கையில் கைப்பேசியோடு வீடு வீடாக அண்ணாந்து பார்த்தால் ‘எந்த ஆபீஸ்ல இருந்து தம்பி வர்றீங்க, வீட்டு வரி ஏத்தப் போறாங்களா?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணி முடித்த பிறகு சிமுலேட்டர் நிறுவனங்கள் அடுத்த நகல் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஜியோஃபாப்ரிக் என்ற ஜெர்மானிய நிறுவனம் தென்னிந்தியாவுக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தொகுப்பைத் தினமும் புதுப்பித்து இலவசமாகத் தருகிறது. அதை இறக்கி, தரவுத்தளத்தில் ஏற்றி, ஓஎஸ்எம்2சிட்டியை ஓட்டினால் ஊர் தயார். ஃப்ளைட்கியர் நம் அட்சரேகையில் பூமியை எட்டில் ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒரு கட்டம் ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு 14 கிலோமீட்டர். தேவிகாபுரம் வேறு கட்டத்தில் வரும், அதைத் தனியாக ஓட்ட வேண்டும். ஆரணிக்குக் கொடுக்க வேண்டிய எல்லைகள்: மேற்கே 79.25, தெற்கே 12.625, கிழக்கே 79.375, வடக்கே 12.75.